உயரம் குறைவு, எடை மிகுதி: கூடைப்பந்தில் இடம் உண்டா?

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 305 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தை யாரும் கணக்கிட்டு வைக்கவில்லை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் மாட்டினார். மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது, அதுவே விதியாயிற்று. ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியே ஆட்டம் இந்தியாவுக்கும் வந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி, தமிழ்நாட்டில் அது வேரூன்றத் துணை நின்றது.

வளையம் உயரத்தில் இருப்பதால், நெட்டையானவருக்கே இந்த ஆட்டம் என்பது பொதுவான எண்ணம். நாட்றம்பள்ளியில் ஒரு பள்ளித் திடலில் அணி பிரித்தாலும், முதலில் அழைக்கப்படுபவன் உயரமானவனே. கட்டையாகவும் பருமனாகவும் இருப்பவன் கடைசியில் நிற்கிறான். இந்த எண்ணம் முற்றிலும் சரிதானா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

வளையத்தின் அருகே நின்று ஆடும் முன்வரிசை ஆட்டக்காரரை ஃபார்வர்டு என்பர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடத்துக்கு 205 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களையே பெரும்பாலும் தேடினார்கள். 1984-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லஸ் பார்க்லி என்ற இளைஞர் தேர்வுக்கு வந்தார். ஏட்டில் அவர் உயரம் 198 சென்டிமீட்டர். உண்மையில் ஏறக்குறைய 195 தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். எடையோ கல்லூரி நாட்களில் 130 கிலோவை எட்டியது. அவ்வாண்டின் ஒலிம்பிக் அணிக்கான தேர்வில் அவரை விலக்கிவிட்டார்கள். தொழில்முறைத் தேர்வில் ஐந்தாவதாக ஃபிலடெல்ஃபியா அணி அவரை எடுத்தது. இரண்டாவதாக எடுக்கப்பட்ட சாம் போவி 216 சென்டிமீட்டர் உயரமானவர். கால் எலும்பு முறிவுகள் அவர் ஆட்டத்தைக் குலைத்தன.

பார்க்லி என்ன செய்தார்? 1986-87 பருவத்தில், வளையத்தில் பட்டு மீளும் பந்துகளை ஆட்டத்துக்குச் சராசரி 14.6 வீதம் கைப்பற்றி முதலிடம் பெற்றார். அந்த முதலிடத்தைப் பெற்றவர்களுள் மிகக் குட்டையானவர் அவரே. 1993-இல் சிறந்த ஆட்டக்காரர் விருது, 1992, 1996 ஒலிம்பிக் தங்கங்கள் ஆகியவையும் கிட்டின. 2000-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 23,757 புள்ளிகளும் 12,546 மீள்பந்துகளும் இருந்தன.

அவருக்கு முன்னோடியும் உண்டு. 201 சென்டிமீட்டர் உயரமும் 111 கிலோ எடையும் கொண்ட வெஸ் அன்செல்டு, தம்மைவிட மிக உயர்ந்தவர்களுக்கு எதிரே நடுநிலை ஆட்டக்காரராகவே நின்றார். தம் முதல் பருவமான 1968-69-லேயே சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார்.

இது எப்படி இயலும்? இயற்பியல் விடை தருகிறது. மீளும் பந்து கீழே வரும்போது, வளையத்துக்கு அருகான இடத்தை யார் பிடித்திருக்கிறார் என்பதே முக்கியம். எடை மிகுந்தவரை இடத்திலிருந்து அசைக்க மிகுந்த விசை வேண்டும். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் அவர் எளிதில் நிலை குலையமாட்டார். உயரமானவர் அவர் முதுகுக்குப் பின்னால் தவிக்க நேரிடும்.

அடுத்தது கை நீளம். பந்தைத் தொடுவது தலையன்று, விரல் நுனியே. இரு கைகளையும் விரித்த அகலம் ஒருவருக்கு 10 சென்டிமீட்டர் மிகுதி என்றால், ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம். உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறைவு அங்கேயே ஈடாகிவிடுகிறது. டிரேமண்ட் கிரீன் இதற்குச் சான்று. ஏறக்குறைய 198 சென்டிமீட்டர் உயரமுள்ள இவருடைய கைவிரிப்பு சுமார் 216 சென்டிமீட்டர். 2012 தேர்வில் 35-ஆவதாகவே எடுக்கப்பட்டவர், 2017-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். நான்கு முறை வெற்றிக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார்.

ஆனால் எடைக்கு விலையும் உண்டு. 90 கிலோ எடையுள்ளவர் 70 சென்டிமீட்டர் எழும்ப ஏறத்தாழ 617 ஜூல் ஆற்றல் போதும். 120 கிலோ எடையுள்ளவருக்கு 823 ஜூல் வேண்டும். இறங்கும்போது அதே ஆற்றலை முழங்காலும் பாதமும் தாங்கியாக வேண்டும். உடல் பெருக்கும்போது எடை கன அளவைப் பொறுத்துக் கூடுகிறது. எலும்பின் வலிமையோ குறுக்குப் பரப்பைப் பொறுத்தே கூடுகிறது. 1638-இல் கலிலியோ எழுதிய உண்மை இது.

அண்மைச் சான்று சயோன் வில்லியம்சன். 2019 பிப்ரவரி 20 அன்று, டியூக் பல்கலைக்கழக அணிக்காக ஆடுகையில், சுமார் 129 கிலோ எடையுள்ள இவர் காலை ஊன்றித் திரும்பியதும் இடது காலணி பிளந்தது. அப்பரும் சோலும் சேரும் விளிம்பைக் கிழித்துக்கொண்டு பாதம் வெளியே வந்தது. முழங்காலில் சுளுக்கு. பக்கவாட்டு விசை எங்கே போய்ச் சேரும் என்பதை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணி தைப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டே தொழில்முறைத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட அவர், பாத எலும்பு முறிவால் 2021-22 பருவம் முழுவதும் ஆட இயலவில்லை. பார்க்லியும் ஃபிலடெல்ஃபியாவில் மூத்த ஆட்டக்காரர் மோசஸ் மலோனின் கண்டிப்பான அறிவுரைக்குப் பின் எடையைக் குறைத்தே உயர்ந்தார் என்பதை மறக்கலாகாது.

உயரம் மட்டும் இருந்தால் போதுமா? பஞ்சாபின் சத்னாம் சிங் 218 சென்டிமீட்டர் உயரமானவர். இந்தியாவில் பிறந்து அமெரிக்கத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் என்ற பெருமை 2015-இல் அவருக்குக் கிட்டியது. எனினும் அந்தத் தொடரின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை.

ஆகவே விடை இதுதான்: கட்டையான, கனத்த ஃபார்வர்டு வெல்ல முடியும். ஆனால் நீண்ட கை, விரைந்த கால், இடத்தைப் பிடிக்கும் அறிவு ஆகியவை அவருக்கு வேண்டும். எடை கொழுப்பாக இன்றித் தசையாக இருக்க வேண்டும். அத்தகையோர் சிலரே.

மற்றவர்களுக்கு வழியில்லை என்பதன்று. பளு தூக்குதலில் குட்டையான கைகால்களே நன்மை; பளு உயரவேண்டிய தூரம் குறைகிறது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அளவுநாடாவை எடுக்கும் ஆசிரியர் உச்சந்தலையோடு நிறுத்திவிடாமல், கையின் நீளத்தையும் காலின் விரைவையும் அளந்து பார்த்துவிட்டு, எந்த ஆட்டத்துக்கு எந்த மாணவன் என்று முடிவு செய்வது நல்லது.