விரல் பிடித்துத் தொடங்கிய எழுத்து

ஜனவரியில் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்பும் உறவுகளுக்கு ஒரு சின்ன வரலாறு.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுவே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஆனால் எழுத்துத் தொடக்கும் வழக்கம் அதற்கும் மூத்தது. மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் நம் அமிர்தகழியில், இந்துப் பிள்ளைகளை விஜயதசமியன்று மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பார்கள். முஸ்லிம் பிள்ளைகளை ஓதப்பள்ளிக்குக் கூட்டிப்போவார்கள். லெப்பை "அலிபு" என்பார், பிள்ளை திருப்பிச் சொல்லும். இரண்டு இடத்திலும் முதல் நாளில் சோதனை இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார்.

1944இல் இலங்கை வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மொண்டிசோரியும், பிள்ளை தானே பொத்தான் போடப் பழகுவதைப் பாடமாகவே வைத்தார்.

நாமோ மூன்று வயதில் "அ" எழுதவில்லை என்று பிள்ளைக்கு ஏசுகிறோம். எழுதத் தெரியாத பிள்ளையை விட, எழுதப் பயந்த பிள்ளைக்குப் படிப்பிப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

இந்த ஒரு மாதம் கொப்பியை மூடி வையுங்கள். தானே சாப்பிடவும், கை கழுவவும், மூத்திரம் வந்தால் டீச்சரிடம் சொல்லவும் பழக்குங்கள். "உம்மா கூட்டிப்போக வருவேன்" என்று சொன்னால், சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். எழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.