கோப்பை வந்தது, லீக் நிலைத்ததா?

பிள்ளை பந்தாடினால் பெற்றோர் கைதட்டுவார்கள். பந்தாட்டமே என் பிழைப்பு என்று அதே பிள்ளை சொன்னால், கை தட்டியவர்களே கை பிசைந்து நிற்பார்கள். கெடாவில், அதிலும் கூலிம் வட்டாரத்தில், இந்தக் கவலைக்கு வலுவான காரணம் உண்டு. பால்மரம் வெட்டிய தலைமுறை லயத்து வீட்டை விட்டு வெளியேறி இன்னும் வெகுகாலம் ஆகவில்லை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலைகள்தாம் இன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் என்று உலகப் பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மாதம் முடிந்தால் சம்பளம் வரும், இ.பி.எஃப். பிடிப்பார்கள், ஷிப்டு முடிந்தால் வீடு திரும்பலாம். இந்த நிச்சயத்தை விட்டுவிட்டு ஒரு பந்தை நம்பலாமா?

வாதத்திற்காக மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. இதற்குச் சான்று சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. தென்கிழக்காசியாவில் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஒன்று பிறந்து, வளர்ந்து, மலேசிய அணி ஒன்றைக் கோப்பை ஏந்த வைத்து, பிறகு ஓய்ந்துபோன வரலாறு அது.

விமானம் பெற்றெடுத்த லீக்

ஆசியான் கூடைப்பந்து லீக், சுருக்கமாக ஏ.பி.எல்., 2009 அக்டோபரில் தொடங்கியது. முதல் சீசனில் ஆறே அணிகள். கோலாலம்பூர் டிராகன்ஸ், சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ், பிலிப்பைன் பேட்ரியட்ஸ், இந்தோனேசியாவின் சத்ரியா மூடா, தாய்லாந்து டைகர்ஸ், புருணை பாராகூடாஸ். 2010 பிப்ரவரியில் பிலிப்பைன் பேட்ரியட்ஸ் முதல் கோப்பையை வென்றது.

ஒரு நாட்டுக்குள் நடக்கும் லீக்கில் வீரர்கள் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வரலாம். இதில் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் கடல் தாண்ட வேண்டும். இந்தச் செலவு எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதைச் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் முன்பே அனுபவித்திருந்தது. 2006 முதல் இரண்டு சீசன்கள் அந்த அணி ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிப் பார்த்தது. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலிய நகரங்களுக்கும் இடையே பறந்து பறந்து களைத்து, 2008இல் விலகிக்கொண்டது.

ஏ.பி.எல். பிறந்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர் ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ். லீக்கின் பெயருக்கு முன்னால் அந்த விமான நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. மலிவு விலை விமானச் சேவை தென்கிழக்காசிய நகரங்களைப் பக்கத்து ஊர்களாக்கியிருந்த காலம் அது. அந்த வசதி இல்லாமல் இப்படியொரு லீக்கைக் கனவுகூடக் கண்டிருக்க முடியாது. ஆனால் விமானத்தில் பிறந்த பிள்ளைக்கு விமானம் நின்றால் மூச்சும் நிற்கும் என்பதை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

மலேசியா வென்ற சீசன்

அடுத்தடுத்த ஆண்டுகளில் அணிகள் வந்தன, போயின. புருணை நிலைக்கவில்லை. கோலாலம்பூர் அணி மட்டும் பெயர் மாறினாலும் இடம் மாறவில்லை. வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற பெயரில் அது ஆடியபோது, அந்தப் பெயரின் முதல் பாதி கிள்ளான் துறைமுகத்தின் பெரிய முனையத்தைக் குறித்தது. அந்த நிறுவனத்தை நிறுவியவர் மலேசியத் தமிழரான டான்ஸ்ரீ ஞானலிங்கம். தமிழர் ஒருவர் கட்டி எழுப்பிய நிறுவனத்தின் பெயரை நெஞ்சில் தாங்கி ஓர் அணி நாடு நாடாகச் சென்று ஆடியது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

2015 இறுதியில் தொடங்கி 2016 மார்ச்சில் முடிந்த சீசன் அந்த அணியின் பொற்காலம். அப்போதும் ஆறு அணிகள்தாம். மலேசியாவோடு சிங்கப்பூரிலிருந்து ஒன்று, தாய்லாந்திலிருந்து இரண்டு, வியட்நாமிலிருந்து ஒன்று, பிலிப்பைன்ஸிலிருந்து ஒன்று. பயிற்றுநர் ஏரியல் வங்குவார்டியா பிலிப்பைன்ஸ்காரர். பந்தை நடத்திச் சென்ற ஜேசன் பிரிக்மன் அமெரிக்காவில் பிறந்து, தாய்வழியில் பிலிப்பைன்ஸ் மரபுடையவர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஆயிரம் பந்துகளுக்கு மேல் கூடையாக மாற வழிசெய்து கொடுத்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். கனடாவில் பிறந்த மேத்யூ ரைட்டும் அதே பிலிப்பைன்ஸ் மரபில் வந்தவர்.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றது சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்குக் கோப்பை. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு என்று தராசு சமமாக நின்றது. ஐந்தாவது ஆட்டத்தில் டிராகன்ஸ் வென்றது. லீக் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கோப்பை வந்தது.

தென்கிழக்காசியக் கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸை அசைப்பது எளிதல்ல. சீ விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் பிரிவில் மலேசியா தங்கம் வென்றது 1979இலும் 1989இலும்தான். அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் 2016 கோப்பையின் எடை தெரியும்.

கூடம் இருந்தால்தானே ஆட

இங்கே எதிர்த்தரப்பு எழுந்து ஒரு கேள்வி கேட்கும். கோப்பை வந்தது சரி, அதில் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பங்கு? பிலிப்பைன்ஸ் பயிற்றுநர், அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்த ஆட்டக்காரர்கள். உள்நாட்டு இடங்களிலோ பெரும்பாலும் சீன இளைஞர்கள். நமக்கு இது தூரத்து மத்தளம்தானே?

கேள்வி நியாயமானது. ஆனால் அதே டிராகன்ஸ் அணியின் வரலாற்றில் பத்துமலை குகனேஸ்வரன் என்ற பெயரும் குப்புசாமி சத்யசீலன் என்ற பெயரும் இருக்கின்றன. இருவரும் மலேசியாவின் தேசிய அணிக்கும் ஆடியவர்கள். ஆகவே கதவு பூட்டியிருக்கவில்லை. கதவுவரை போகும் பாதைதான் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி ஆடத் தெரியாதவளைக் கேலி செய்கிறது. கூடமே இல்லாதவளை அது என்ன சொல்லும்? கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தரை வேண்டும். தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு வளையங்கள் வேண்டும். மழைக்குச் சேறாகாத சிமெண்டு வேண்டும். இவை நகரத்துச் சீனப்பள்ளி வளாகங்களில் இருந்தன. அங்கே படித்த பிள்ளை ஓய்வு மணி அடித்தால் வளையத்தின் கீழ் நின்றான். தோட்டத்தில் இருந்ததோ புல்திடல். இரண்டு கம்புகளை நட்டால் கோல் ஆயிற்று. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். தோட்டத்துப் பிள்ளை காற்பந்துக்காரன் ஆனது ரத்தத்தால் அல்ல, தரையால். எந்தச் சமூகம் எந்த ஆட்டத்தில் தேறுகிறது என்பதை, பல வேளைகளில் அதன் வாசலில் கிடக்கும் தரைதான் முடிவு செய்கிறது.

சென்னையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கிருந்து பள்ளிகளுக்குப் போனார்கள், ஆட்டமும் அவர்களோடு போனது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் கூடைப்பந்தில் தேறியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தரையும் ஆசிரியரும் இருந்தார்கள்.

கூலிமில் இப்போது தரை மாறிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, திடல்கள் போயின. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டன. காற்பந்துத் திடல் அளவுக்கு அங்கே நிலம் கிடைக்காது. ஆனால் ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு வளையம், நான்கு விளக்கு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. தாத்தா ஆட முடியாத ஆட்டத்தைப் பேரன் ஆட முடியும். இது இழப்பிலிருந்து வந்த வாய்ப்பு என்றாலும் வாய்ப்புதான்.

கோப்பைக்குப் பின்

ஆடலாம் என்றால், அதையே பிழைப்பாக நம்பலாமா? லீக்கின் பிற்பாதி இதற்கு விடை தருகிறது.

2016க்குப் பிறகு ஏ.பி.எல். ஹாங்காங், தைவான், மக்காவ் என்று ஆசியான் எல்லைக்கு வெளியேயும் விரிந்தது. 2019-20 சீசனில் பத்து அணிகள் ஆடின. அந்த நேரத்தில் கோவிட் வந்தது. எல்லைகள் மூடின, விமானங்கள் தரையில் நின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சீசன் முடிக்கப்படாமலே கைவிடப்பட்டது. 2023இல் அழைப்புத் தொடர் ஒன்று நடந்தது, ஹாங்காங் ஈஸ்டர்ன் வென்றது. பழைய ஏ.பி.எல். அதன்பின் எழுந்து நிற்கவில்லை.

இது கூடைப்பந்துக்கு மட்டும் வந்த கதி அல்ல. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி படிப்படியாக உயர்ந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2021இல் வெளிநாட்டு வீரர் ஒருவரும் இல்லாமல் மலேசியர்களை மட்டுமே களமிறக்கிய துணிவு அதற்கு இருந்தது. 2022 சீசனுடன் அது விலகிக்கொண்டது. கெடாவின் சொந்தக் கதை இன்னும் வலி தருவது. 2007, 2008 ஆண்டுகளில் தொடர்ந்து மும்மகுடம் சூடிய மாநிலத்தின் காற்பந்து அணி, சம்பள பாக்கியில் சிக்கி, 2025-26 சூப்பர் லீக்கில் ஆட உரிமம் பெற முடியாமல் போனது. இந்தியாவிலும் யு.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் 2015இல் ஆரவாரமாகத் தொடங்கியது, சென்னை ஸ்லாம் அணியும் அதில் ஆடியது. 2017க்குப் பின் அந்த லீக் நடக்கவில்லை.

இவற்றில் பொதுவாக இருப்பது என்ன? சிறிய லீக்கின் வருமானம் டிக்கெட்டில் வருவதில்லை. விளம்பரம் தரும் நிறுவனமும் ஆர்வமுள்ள முதலாளியும் கொடுக்கும் பணத்தில்தான் அது ஓடுகிறது. அவர் மனம் மாறினாலோ, தொழில் சரிந்தாலோ, வீரனின் சம்பளமும் சரிகிறது. சீசனோ ஆண்டில் சில மாதங்கள்தாம். மற்ற மாதங்களுக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இதற்கொரு பழைய விடை உண்டு. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்கள் கூடைப்பந்து அணி வைத்து, ஆட்டக்காரருக்கு வேலையும் கொடுத்தன. லீக் வரும், போகும். வேலை இருக்கும். முட்டி தேய்ந்து ஆட்டம் ஓய்ந்த பிறகும் மேசையும் நாற்காலியும் காத்திருக்கும்.

தீர்ப்பு

ஆக, பிள்ளையைத் தடுக்க வேண்டும் என்பாரும் முழுதாக வெல்லவில்லை, பந்தை மட்டும் நம்பி விட வேண்டும் என்பாரும் வெல்லவில்லை. 2016 கோப்பை காட்டியது, இந்த மண்ணிலிருந்தும் வெல்ல முடியும் என்பதை. 2020 காட்டியது, லீக்கை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை. இரண்டும் உண்மை.

வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிள்ளை ஆடட்டும், படிப்பை விடாமல் ஆடட்டும். ஒப்பந்தம் வந்தால் பெற்றோர் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கட்டும். எத்தனை மாதச் சம்பளம், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சீசன் நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்கட்டும். பூங்காவின் தொழிற்சாலைகள் ஆட்டத்தில் தேர்ந்த தொழிலாளிக்குப் பயிற்சி நேரம் ஒதுக்கினால், சென்னை வங்கி அணிகள் செய்ததைக் கூலிமிலும் செய்யலாம். நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு பரிசளிப்பு விழாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தமிழ்ப்பள்ளிகளில் சிமெண்டுத் தளமும் வளையமும் அமைக்கக் கொடுக்கலாம்.

லீக் நடத்துவது பெரிய முதலாளிகளின் வேலை. அது எழும், விழும், அது நம் கையில் இல்லை. நம் பள்ளி முற்றத்தில் ஒரு வளையம் நிற்கிறதா இல்லையா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த வளையம் இருந்தால், அடுத்த லீக் பிறக்கும்போது அதன் உள்நாட்டு வீரர் பட்டியலில் தோட்டத்து வம்சத்தின் பெயர்கள் இரண்டோடு நின்றுவிடாது.