தோல் ஒவ்வாமை ஆய்வகச் சோதனை

தொழிலிடங்களில் புழங்கும் ரசாயனங்கள் தோலில் ஒவ்வாமையைத் தூண்டுமா என்பதை, அவை தொழிலாளியின் கைக்குப் போகும் முன்பே கண்டறியும் ஆய்வக முறைகள். சிமென்ட்டிலுள்ள குரோமியம், எபாக்சி பிசின், முடிச்சாயத்தில் சேரும் பாரா-பினைலீன்டைஅமீன் ஆகியவை கொத்தனார், பெயின்டர், முடிதிருத்துநர் ஆகியோரின் கைகளில் அரிப்பும் வெடிப்பும் உண்டாக்குபவை. ஒருமுறை பதிந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். பழகிய தொழிலையே சிலர் விட நேர்கிறது.

இத்தகைய ரசாயனத்தின் சின்னஞ்சிறு மூலக்கூறு தனியாக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. தோல் புரதத்துடன் பிணைந்த பிறகே அது அந்நியப் பொருளாக அடையாளம் காணப்படுகிறது.

1969இல் மேக்னுசனும் கிளிக்மேனும் வகுத்த சோதனையில், கினிப்பன்றியின் தோல் சிவப்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள். 2002இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி) ஏற்ற நிணநீர்க் கணுச் சோதனை, மதிப்பீட்டை எண்ணாக்கியது. சுண்டெலியின் காதில் தொடர்ந்து 3 நாள் ரசாயனத்தைத் தடவி, 6ஆம் நாள் அருகிலுள்ள கணுவில் செல்கள் எவ்வளவு பெருகின என்று அளப்பார்கள். ரசாயனம் தடவாத குழுவைவிட 3 மடங்கு அல்லது அதற்கு மேல் பெருகியிருந்தால் அது ஒவ்வாமையூக்கி.

இப்போது விலங்கில்லா முறைகள் முன்னுக்கு வந்துள்ளன. ரசாயனம் புரதத் துண்டுகளுடன் பிணைகிறதா, தோல் செல்களை உசுப்புகிறதா, எதிர்ப்புச் செல்களை விழிக்கச் செய்கிறதா என மூன்று சோதனைகள். இவற்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவெடுக்கலாம் என்ற வழியை ஓஈசிடி 2021இல் ஏற்றது.

பெயின்ட், ஃபோம் தொழில்களில் ஆஸ்துமா தரும் ஐசோசயனேட் போன்ற சுவாச ஒவ்வாமையூக்கிகளுக்கு இத்தகைய ஏற்கப்பட்ட சோதனை இன்னும் உருவாகவில்லை.