ஆட்டிசம் உள்ள குழந்தை உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ளவும் வெளிப்படுத்தவும் உதவுதல்

"நான் அழுதாலும் அவன் சிரிக்கிறான்; அவனுக்குப் பாசமே இல்லையா?" என்று புறநோயாளர் பிரிவில் தாய்மார்கள் கேட்பதுண்டு. பாசம் இருக்கிறது. பிறரது முகக்குறிப்பையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் அறிவதும், தன் உடலில் எழும் பதற்றம், பசி, வலி ஆகியவற்றைப் பிரித்துணர்வதும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குக் கடினமாக உள்ளன. பதற்றத்திலும் சிரிப்பு வரலாம்; அதனை ஏளனமாகக் கருதித் தண்டித்தல் கூடாது.

உணர்ச்சிக்குரிய சொல்லை அது எழும் தருணத்திலேயே கற்பிக்க வேண்டும். மின்சாரம் தடைபட்டுத் தொலைக்காட்சி நின்றதும் குழந்தை கைகளை உதறிக் கத்தினால், "டிவி நின்றுவிட்டது. உனக்குக் கோபம்" என்று அமைதியாகக் கூறினால் போதும். நீண்ட விளக்கம் அப்போது மனத்தில் பதியாது. முதலில் மகிழ்ச்சி, வருத்தம், கோபம் ஆகிய மூன்றே போதுமானவை. விலையுயர்ந்த அட்டைகள் தேவையில்லை. வீட்டினரின் முகபாவங்களைப் புகைப்படமாக எடுத்து ஒட்டிவைக்கலாம். பேசாத குழந்தை படத்தைச் சுட்டிக்காட்டித் தன் நிலையைத் தெரிவிக்கலாம். படங்களைப் பயன்படுத்தினால் பேச்சு வராது என்ற அச்சத்திற்கு ஆதாரம் இல்லை.

"வயிறு எரிகிறது" என்று வருத்தத்தில் கூறுவதைக் குழந்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக்கூடும். "அம்மாவுக்கு வருத்தம்" என்பதே தெளிவானது. பேசும்போது கண்களைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்துதல் வேண்டா.

திருமண மண்டபத்தில் தவில் ஒலியும் கூட்டமும் தாங்காமல் குழந்தை தரையில் விழுந்து கதறினால் அது பிடிவாதம் அன்று. புலன்களின் சுமை மிகும்போது தன்னைக் கட்டுப்படுத்த இயலாத நிலை அது. உறவினர் என்ன நினைப்பார்களோ என்ற கவலையை விடுத்து, அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேச்சைக் குறைத்து, காயம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடலை ஆட்டுவதும் கைகளை உதறுவதும் பல குழந்தைகளுக்கு ஆறுதல் தருவன. தீங்கில்லாதவரை தடுக்க வேண்டா. கற்பித்தலை அமைதி திரும்பிய பின்னரே தொடங்கலாம். எதற்கு முன் இவ்வாறு நிகழ்கிறது என்பதை நோட்டில் குறித்துவந்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

இதுவரை அமைதியாக இருந்த குழந்தை திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டால், நடத்தைக் கோளாறு என முடிவு செய்யுமுன் காது வலி, பல் சொத்தை, மலச்சிக்கல் ஆகியவை உள்ளனவா என மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு அதுவே மொழியாக இருக்கலாம்.

அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் வளர்ச்சி மதிப்பீடும் பயிற்சியும் கட்டணமின்றிப் பெறலாம். ஆட்டிசம் என உறுதிசெய்யப்படும் வரை காத்திராமல், மேற்கூறியவற்றை இன்றே வீட்டில் தொடங்கலாம்.