மாடல் குறியீடுகள் (அமெரிக்கப் பழங்கார்கள்)

ஒரு கார் எந்த மாடல், எந்த உடலமைப்பு, எந்த ஆண்டுக்கு உரியது, எந்தத் தொழிற்சாலையில் உருவானது என்பதைச் சொல்லும் எண்களும் எழுத்துகளும் மாடல் குறியீடு எனப்படும். பழைய காரைப் புதுப்பிக்க இறங்குபவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். எந்த வண்ணம், எந்த எஞ்சின், எந்த இருக்கை உறை அந்தக் காருக்கு உரியவை என்பதை அறியும் வழி இங்கிருந்தே தொடங்குகிறது.

தொடக்கம்: முற்காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் கார்களை எஞ்சின் எண்ணைக் கொண்டே பதிவு செய்தன. எஞ்சின் மாறினால் பதிவிலும் குழப்பம் வந்தது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து காருக்கென்று, மாடல் குறியீட்டையும் உள்ளடக்கிய தனி அடையாள எண் இடும் வழக்கம் பரவியது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான முறை 1981 வரை இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு முறை மாறியது.

நிறுவன முறைகள்: ஃபோர்டு, எஞ்சினையும் எண்ணிலேயே சொன்னது. 1965 மஸ்டாங்கில் 5F07K என்று எண் தொடங்கினால், 5 ஆண்டு. F டியர்பார்ன் தொழிற்சாலை. 07 இரு கதவு ஹார்ட்டாப். K என்பது 271 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல எஞ்சின். 5F08F100001 என்ற எண் கொண்ட கன்வெர்ட்டிபிள் இன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிரைஸ்லரும் 1960களின் பிற்பாதியில் எஞ்சின் எழுத்தைச் சேர்த்தது. 1970 பிளிமத் குடாவின் BS23R0B என்ற தொடரில் உள்ள R, 426 ஹெமி எஞ்சினைக் குறிக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் எண் இவ்வளவு பேசாது. 1967 கமாரோவில் 124377N என்பது செவ்ரோலே, வி8 கமாரோ, இரு கதவு கூபே, 1967, நார்வுட் தொழிற்சாலை என்பதோடு நின்றுவிடும். அது எஸ்எஸ் காரா, இசட்/28 காரா என்று சொல்லாது. அதே நிறுவனத்தின் போன்டியாக் ஜிடிஓ 1964, 1965 ஆண்டுகளில் லெமான்ஸ் காரின் ஒரு விருப்பத் தொகுப்பாக விற்கப்பட்டது. ஆகவே 1965 லெமான்ஸ், ஜிடிஓ இரண்டுக்கும் எண் 237 என்றே தொடங்கும். 1966இல்தான் ஜிடிஓவுக்கு 242 என்ற தனி எண் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் எழுத்தைச் சேர்த்தது 1972 மாடல்களில்.

பொது முறை: 1969 தொடக்கம் முதல், பயணிகள் கார்களின் அடையாள எண் முன்கண்ணாடி வழியே தெரிய வேண்டும் என்ற கூட்டரசு விதி நடைமுறைக்கு வந்தது. 1981 மாடல்களிலிருந்து 17 இலக்க எண் கட்டாயமானது. I, O, Q ஆகிய எழுத்துகள் விலக்கப்பட்டன. ஒன்பதாம் இடம் சரிபார்ப்பு இலக்கம். பத்தாம் இடம் மாடல் ஆண்டு.

புதுப்பிக்குமுன் சரிபார்த்தல்: அடையாள எண்ணை மட்டும் நம்பக் கூடாது, உடல் தகடு, எஞ்சின் முத்திரை, வார்ப்புத் தேதி ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். 1967 கமாரோவின் உடல் தகட்டில் 04C என்றிருந்தால் ஏப்ரல் மூன்றாம் வாரம். எஞ்சின் வார்ப்பில் C 15 7 என்றிருந்தால் 1967 மார்ச் 15. எஞ்சின் உடலுக்கு முன்பே வார்க்கப்பட்டிருப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதே இடத்தில் ஜூனைக் குறிக்கும் F இருந்தால், அந்த எஞ்சின் பின்னாளில் மாற்றப்பட்டதே.

1965 மஸ்டாங்கில் விவரத் தகடு ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும். கதவை மாற்றியிருந்தால் அது வேறொரு காரின் தகடு. அடையாள எண்ணோ எஞ்சின் அறையின் இடப்பக்க உள்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். துருப்பிடித்ததென்று அந்தத் தகட்டை வெட்டினால் எண்ணும் போய்விடும். அடையாள எண்ணை அகற்றுவதும் திருத்துவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். எனவே பெயிண்டைச் சுரண்டுவதற்கும் தகடுகளைக் கழற்றுவதற்கும் முன் எல்லா எண்களையும் படமெடுத்துப் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.