பெயர் சொல்லி நினைப்போம்

மணியாச்சிக் கரிசலில் விடியற்காலை வானொலியைத் திறப்போர் முதலில் கேட்பது அகில இந்திய வானொலியின் தொடக்க இசையை. அதை அமைத்தவராக அறியப்படும் வால்டர் காஃப்மன், நாசிக் கொடுமை பெருகிவந்த ஐரோப்பாவை விட்டு 1934இல் பம்பாய் வந்தடைந்த யூதர். நாள்தோறும் அவர் இசையைக் கேட்டோம். அவர் பெயரை அறியாதிருந்தோம்.

தப்ப இயலாத யூதருள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவுஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கைகளில் எண்களைப் பச்சை குத்தினர். பெயருக்குப் பதிலாக எண். ஆகவேதான் உயிர் பிழைத்தோரும் அவர்தம் வழிவந்தோரும் நினைவு நாளன்று மாண்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கின்றனர். எருசலேமில் 1953இல் நிறுவப்பட்ட யாத் வாசெம் நினைவகம் அப்பெயர்களைத் திரட்டி வருகிறது. எசாயா 56:5இலிருந்து எடுக்கப்பட்ட அதன் பெயருக்கு 'நினைவுச் சின்னமும் பெயரும்' என்பதே பொருள்.

நவம்பர் 2இல் நாம் கல்லறைகளைத் துப்புரவாக்கி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவர்களுக்கோ கல்லறை இல்லை. பல குடும்பங்களில் விளக்கேற்ற ஒருவரும் எஞ்சவில்லை. திருச்சபையும் 1998இல் 'நாங்கள் நினைவுகூர்கிறோம்' என்னும் ஏட்டில், தன் மக்கள் அன்று தவறியதற்காக வருந்தியது. வருத்தம் செபமாக வேண்டாமா? அவுஷ்விட்ஸ் 1945இல் விடுவிக்கப்பட்ட சனவரி 27ஆம் நாளை ஐ.நா. அவை 2005இல் நினைவு நாளாக அறிவித்தது. அன்று மாலைச் செபத்தில், இயேசு பிறந்த அவ்வினத்தாரையும் நினைவுகூர்வோம்.