ராப் மேடையில் ஓர் எசப்பாட்டு

ஹிப்-ஹாப் என்ற பெயரைக் கேட்டதுமே நம்மவர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்களே, அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "கெட்ட வார்த்தை, பெண்களைக் கேவலமாகப் பேசுவது, வேறென்ன?" என்று முடித்துவிடுவோம். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் நிறையவே உண்டு. ஆனால் அதை முதலில் எழுப்பியவர்களில், அந்த இசையைத் தம்முடையதாகவே கருதிய கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் கை இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் கூல் ஹெர்க். விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருந்தது அவருக்கு!

1984-இல் யு.டி.எஃப்.ஓ. என்ற ஆண்கள் குழு ஒரு பாட்டு வெளியிட்டது. ராக்ஸேன் என்றொரு பெண், தங்களைத் திரும்பியும் பார்க்காத திமிர் பிடித்தவள் என்பது பாட்டின் சாரம். நம் கிராமங்களில் ஆண் ஒரு அடி எடுத்துவிட்டால் பெண் எசப்பாட்டு பாடுவாளே, அதேதான் அங்கும் நடந்தது. குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, ராக்ஸேன் ஷாண்டே என்று பெயர் சூட்டிக்கொண்டு, அந்த ராக்ஸேனாகவே நின்று மூவரையும் கிழி கிழியென்று கிழித்தாள். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதை ராப் தாளத்திலேயே சொன்ன பாட்டு அது.

பிறகு காசு புரளத் தொடங்கியது. 1990 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு மத்திய நீதிபதி, '2 லைவ் க்ரூ' குழுவின் ஆல்பம் ஆபாசமானது என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரர் கைதானார். மேடையில் பாடியவர்களும் கைதானார்கள். 1992-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. வழக்கின்போது பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், இது கறுப்பின மக்களின் நையாண்டி மரபு என்று குழுவுக்காக வாதாடினார். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இரண்டு பக்கத்தையும் ஏற்கவில்லை. கறுப்பர்களை மட்டும் தேடிப் பிடித்து வழக்குப் போடுவது இனவெறி. அதேசமயம், மரபு, நையாண்டி என்று சொல்லிக் கறுப்பினப் பெண்ணின் உடம்பின் மேல் நடக்கும் வன்முறையைச் சிரித்து ஒதுக்குவதும் அநியாயம் என்று எழுதினார். இந்த விஷயத்தில் அவர் சொன்னதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

டூபாக் ஷக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் பெண்களுக்குத் தெம்பூட்டி அவர் பாடிய பாட்டு இன்றும் கொண்டாடப்படுகிறது. மறு ஆண்டே ஒரு பெண்ணைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பாட்டு ஒருபுறம், ஆள் ஒருபுறம்! அதே 1993-இல் குவீன் லத்தீஃபா, தெருவில் பெண்களைச் சீண்டுவதையும் வீட்டில் அடிப்பதையும் எதிர்த்துப் பாடினார். 1995-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது.

2004-இல் அட்லாண்டாவில் நடந்தது இன்னும் சிக்கலானது. கறுப்பினப் பெண்கள் பயிலும் ஸ்பெல்மன் கல்லூரிக்கு, எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைத் தேடி, நெல்லி என்ற பாடகரின் அறக்கட்டளை வருவதாக இருந்தது. அவருடைய சகோதரிக்கே ரத்தப் புற்றுநோய். மாணவிகள் வராதே என்று சொல்லவில்லை. "உங்கள் வீடியோவில் பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்களே, அதைப் பற்றியும் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அறக்கட்டளை முகாமையே ரத்து செய்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்தச் சகோதரி காலமானார். மாணவிகள் கேட்டதில் தவறில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த உடன்பிறப்புகளின் நிலையை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது.

நம் நாட்டுக்கும் இது வந்து சேர்ந்தது. 2012 டிசம்பரில் டில்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமையின் கொதிப்பு அடங்காத நேரத்தில், குர்காவ் ஹோட்டல் ஒன்றில் ராப் பாடகர் ஹனி சிங்கின் புத்தாண்டு நிகழ்ச்சி எதிர்ப்பினால் ரத்தானது. சர்ச்சைக்குரிய அந்தப் பாட்டு தன்னுடையதல்ல என்றார் அவர்.

இன்னொரு சங்கிலி சுவையானது. 1992-இல் சர் மிக்ஸ்-எ-லாட், பெண்களின் பின்னழகை வர்ணித்து ஒரு பாட்டுப் பாடினார். 2014-இல் நிக்கி மினாஜ் அதையே எடுத்துத் தன் உடம்பைப் பற்றித் தானே பாடிக்கொண்டார். 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரப், மினாஜின் மெட்டில் கொடைக்கானல் பாதரச மாசைப் பற்றி ராப் பாடி யூடியூபில் ஏற்றினார். மறு ஆண்டு மார்ச்சில், அந்தத் தெர்மாமீட்டர் ஆலையின் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே காரணமல்ல. ஆலை மூடிய 2001 முதல் அவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.